குதிரைக் கிளிப்பர் சரியாக வெட்டவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குதிரையின் ரோமத்தைக் கத்தரிக்கும் கிளிப்பர் சரியாக வெட்டாதபோது, லாயத்தில் பெரும்பாலானோரின் கை முதலில் போவது, பிளேடுகளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான். இறுக்கியவுடன் சற்று நேரம் நன்றாக வெட்டும் என்பதால் கோளாறு தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் மேல் பிளேடு தேவைக்கு மேல் அழுந்தி, உராய்வால் சூடேறி, கூர் மழுங்கி, மோட்டாருக்கும் சுமை கூடி, கொஞ்ச நேரத்தில் நிலைமை முன்னைவிட மோசமாகிவிடும். எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரே வரிசையில் போவது நல்லது: இயந்திரத்தை நிறுத்துங்கள், பிளேடிலும் காற்றுத் துளையிலும் சேர்ந்த ரோமத்தைத் தட்டி எடுங்கள், எண்ணெய் விடுங்கள், பிளேடு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு டென்ஷன். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேறு ஜோடி பிளேடு. எல்லாம் முடிந்த பிறகே இயந்திரத்தின் உட்பகுதி.

கையில் இருப்பது எந்த வகை?

வழிமுறைகள் வகைக்கு வகை மாறுவதால் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கிளிப்பர்களிலும் இரண்டு பிளேடுகள் இருக்கும். தோலோடு ஒட்டிப் போவது கீழ் பிளேடு. அது அசையாது, சீப்பைப் போல ரோமத்தைப் பிரித்து நிறுத்தும். அதன்மேல் இடமும் வலமுமாக ஓடி வெட்டுவது மேல் பிளேடு. இரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் டென்ஷன்.

முழு உடலையும் கத்தரிக்கும் கனமான இயந்திரங்களில் பெரும்பாலும் ஏ2 வகைப் பிளேடுகள் இருக்கும். கீழ் பிளேடு இரண்டு திருகுகளால் பூட்டப்பட்டிருக்கும். தலையின் மேல்பக்கத்தில் டென்ஷனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கும். லிஸ்டர், ஹைனிகர் போன்ற நிறுவனங்களின் பெரிய கிளிப்பர்கள் இவ்வகையில் சேரும். முகம், காது, கால் ஆகியவற்றுக்குப் பயன்படும் இலகுவான இயந்திரங்களில் ஏ5 வகைப் பிளேடுகள் இருக்கும். இவற்றை அழுத்தினால் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். மேல் பிளேடை அழுத்திப் பிடிப்பது பிளேடிலேயே உள்ள ஸ்பிரிங்தான்; திருகி மாற்ற வேண்டிய டென்ஷன் எதுவும் இவற்றில் கிடையாது. ஆஸ்டர், ஆண்டிஸ், வால் ஆகிய நிறுவனங்களின் இவ்வகைக் கிளிப்பர்களில் ஒன்றின் பிளேடு பெரும்பாலும் மற்றொன்றிலும் பொருந்தும். மூன்றாவதாக, மீசை தாடிக்குப் பயன்படுவதைப் போன்ற சிறு டிரிம்மர்கள் உண்டு. அவற்றில் பல, சுழலும் மோட்டார் இல்லாமல் காந்த அதிர்வில் இயங்குபவை.

ரோமத்தைக் கடித்து இழுக்கிறது, சுத்தமாக வெட்டவில்லை

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். இயந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் குதிரையின் உடலைத் தடவிப் பாருங்கள். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் பிசுக்கு ஒட்டினால் காரணம் அங்கேயே இருக்கிறது. ரோமத்தின் அடியில் தங்கிய நுண்மணலும் வியர்வை உப்பும் பொடுகும் பிளேடின் கூரைத் தேய்த்துவிடும். சுத்தமான உடலில் இரண்டு மூன்று குதிரைகளுக்குத் தாங்கும் பிளேடு, மண்ணில் புரண்டு வந்த குதிரையிடம் பாதி முதுகோடு ஓய்ந்துவிடுவது உண்டு. முந்தைய நாளே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முழுவதும் உலர்ந்த பிறகு கத்தரிப்பதே முறை. அரைகுறையாக உலர்ந்த ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்டிப் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவர் தணிப்பு ஊசி போட்டுக் கத்தரிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். குதிரைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் சில தணிப்பு மருந்துகள் வியர்வையை வரவழைப்பதால், நன்றாக வெட்டிக்கொண்டிருந்த பிளேடு திடீரென்று திணறத் தொடங்கும். அது பிளேடின் தவறு அன்று.

உடல் சுத்தமாகவே இருந்தும் இழுக்கிறது என்றால் பிளேடைக் கழற்றுங்கள். மேல் பிளேடுக்கும் கீழ் பிளேடுக்கும் நடுவே ரோமம் மடிந்து சிக்கியிருக்கிறதா? சிக்கியிருந்தால் டென்ஷன் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு பிளேடுகளும் சற்றே விலகியிருப்பதால் ரோமம் வெட்டுப்படாமல் இடையில் நுழைந்து மடிகிறது. ஒரே ஒரு ரோமம் இடையில் கிடந்தால்கூட அந்த மெல்லிய இடைவெளி நீடிக்கும். எனவே இரண்டின் உரசும் பரப்புகளையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, எண்ணெய் தடவி மீண்டும் பூட்ட வேண்டும்.

ஏ2 வகையில் டென்ஷன் வைக்கும் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் குமிழை முழுவதும் தளர்த்துங்கள். பிறகு மெல்ல முறுக்கிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் ஸ்பிரிங் அழுந்தத் தொடங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து பல மாடல்களில் ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று போதும். சில மாடல்களுக்கு அதைவிட மிகவும் குறைவாகவே வேண்டும். இயந்திரத்தோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதுவே சரியான அளவு. வேலைக்கு நடுவே கூர் சற்றுக் குறைந்தால் கால் சுற்றுக் கூட்டலாம். அப்படிக் கூட்டியும் வெட்டவில்லை என்றால் மறுபடி கூட்டாதீர்கள். அந்த ஜோடி சாணைக்குப் போக வேண்டியது. வேலை முடிந்ததும் குமிழைத் தளர்த்தி வைப்பது ஸ்பிரிங்கின் ஆயுளுக்கு நல்லது.

புதிய பிளேடு அல்லது சாணை பிடித்து வந்த பிளேடு முதல் இழுப்பிலேயே வெட்டவில்லை

துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசியனுப்பும் கெட்டியான எண்ணெயைத் துடைக்காமல் மாட்டுவது முதல் காரணம். இரண்டாவது, கீழ் பிளேடைச் சாய்வாகப் பூட்டுவது. மேல் பிளேடின் பல்முனைகள் எப்போதும் கீழ் பிளேடின் பல்முனைகளைவிடச் சற்று உள்ளே தள்ளி, இரு ஓரங்களிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுப்படுவது தோல்தான். மூன்றாவது காரணம் ஜோடி மாறுவது. இரண்டு பிளேடுகளையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி சேர்த்துத்தான் சாணை பிடிக்கிறார்கள். ஒரு ஜோடியின் மேல் பிளேடை இன்னொரு ஜோடியின் கீழ் பிளேடோடு மாட்டினால் இரண்டுமே கூராக இருந்தும் வெட்டாது. சாணைக்கு அனுப்பும்போது ஒவ்வொரு ஜோடியையும் நூலால் கட்டி அனுப்பினால் இந்தத் தொல்லை வராது.

ஏ5 வகையில் இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரம் ஓடாத நிலையில் பிளேடை அழுத்தி மாட்டினால், உள்ளே அசையும் நெம்புகோல் மேல் பிளேடின் காடிக்குள் விழாமல் வெளியே நின்றுவிடலாம். பிளேடைக் கொக்கியில் செருகிவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, பிறகு அழுத்திப் பூட்டினால் நெம்புகோல் தானாகவே காடிக்குள் போய் அமரும். மோட்டார் ஓடுகிறது, பிளேடு அசையவே இல்லை என்ற புகாருக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இது சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் அந்த நெம்புகோல் முறிந்திருக்கும்.

சாணையைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிப்பர் பிளேடின் உரசும் பரப்பு கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவே மிக நுண்ணிய குழிவு இருக்கும். அதற்கென்றே அமைந்த, கிடையாகச் சுழலும் தட்டில் தேய்த்தால்தான் அந்தக் குழிவு நிலைக்கும். அரிவாளும் கத்தியும் தீட்டும் சாணைக் கல்லில் கொடுத்தால் தீப்பொறி பறக்கும், பிளேடு பளபளக்கும், ஆனால் இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிளேடு நிரந்தரமாகப் பாழாகும். நகரங்களில் நாய்களுக்கு ரோமம் கத்தரிக்கும் நிலையங்கள் பிளேடுகளை எங்கே அனுப்புகின்றன என்று விசாரிப்பதே சரியான ஆளைக் கண்டுபிடிக்க எளிய வழி.

வெட்டிய இடத்தில் கோடு கோடாக நிற்கிறது

கோடுகள் எல்லாம் ஒன்றல்ல. எந்த இடத்தில், எந்த ஒழுங்கில் விழுகின்றன என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி குதிரையை நிறுத்தி ஐந்தாறு இழுப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பிளேடின் ஓரத்திலிருந்து அதே தூரத்தில் ஒரு மெல்லிய கோடு திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அந்த இடத்தில் உள்ள பல் உடைந்திருக்கிறது, அல்லது அந்தப் பல்லிடுக்கில் ஏதோ அடைத்திருக்கிறது. அடைப்பாக இருந்தால் பிரஷ் போதும். உடைந்த பல்லாக இருந்தால் அந்தப் பிளேடை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. உடைந்த இடைவெளிக்குள் தோல் புகுந்து மேல் பிளேடில் மாட்டிக்கொள்ளும். குதிரையின் அடிவயிற்றுத் தோலுக்கும் முழங்கை மடிப்புக்கும் அது பெரிய ஆபத்து.

இரண்டு இழுப்புகள் சந்திக்கும் எல்லையில் மட்டும் கோடு நின்றால் இயந்திரத்தில் குறையில்லை. ஒரு இழுப்பின்மேல் அடுத்த இழுப்பு சிறிதளவாவது ஏறிப் போக வேண்டும். பிளேடு ரோமத்தின் போக்குக்கு நேர் எதிராகவும் தோலின்மேல் தட்டையாகவும் செல்ல வேண்டும். விலாவிலும் கழுத்தடியிலும் ரோமம் சுழித்துத் திசை மாறும் இடங்களில் கையும் சேர்ந்து திரும்ப வேண்டும். குறுக்காகப் படிப்படியாக விழும் வரிகள், இயந்திரம் வெட்டும் வேகத்தைவிடக் கை வேகமாகப் போவதன் அடையாளம். எந்த ஒழுங்கும் இல்லாமல் திட்டுத் திட்டாக நின்றால் மட்டும் மழுங்கிய பிளேடையோ அழுக்கான உடலையோ சந்தேகியுங்கள்.

ஏ5 இயந்திரம் புதுப் பிளேடு போட்டும் திட்டாகவே வெட்டுகிறதென்றால் தேய்ந்த நெம்புகோலைப் பாருங்கள். மேல் பிளேடை இடவலமாகத் தள்ளும் இந்தச் சிறு பாகத்தைப் பல நிறுவனங்கள் பிளாஸ்டிக்கில் செய்கின்றன. பிளேடு சிக்கினால் மோட்டாருக்குப் பதிலாக இது தேயட்டும் என்பதே ஏற்பாடு. தேய்ந்துவிட்டால் மேல் பிளேடு முழுத் தூரமும் நகராமல் நடுவிலேயே ஆடும். 'டக் டக்' என்ற ஓசையும் சேர்ந்துகொள்ளும். இதன் விலை சொற்பம், மாற்றுவதற்கு ஒரு திருப்புளி போதும். இந்த ஒரு பாகத்தை மாற்றத் தெரியாமல் நல்ல பிளேடுகளை வரிசையாகச் சாணைக்கு அனுப்பிக்கொண்டிருப்போர் பலர்.

பிளேடு சூடாகிறது, பாதியில் குதிரை துள்ளுகிறது

தொடக்கத்தில் அமைதியாக நின்ற குதிரை பாதி வேலையில் தோலைச் சிலிர்த்து, வாலை வீசி, பின்காலைத் தூக்குகிறதென்றால் அதன் குணத்தைப் பழிக்காமல் பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப்போன கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. மணிக்கட்டின் உட்புறம் பொய் சொல்லாது. அங்கே வைத்திருக்க முடியவில்லை என்றால் குதிரையும் பொறுக்காது. அப்படியே தொடர்ந்தால் தோல் சிவந்து, மறுநாள் தடிப்புகள் எழும். அடுத்த முறை கிளிப்பரின் ஓசை கேட்டவுடனேயே அந்தக் குதிரை பின்வாங்கும்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பஞ்சம். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்பது மிகைப்படுத்திய கணக்கு அன்று. பிளேடு முனை கீழ்நோக்கி இருக்கும்படி இயந்திரத்தைப் பிடித்து ஓடவிட்டு, பல்வரிசையின் குறுக்கே சில சொட்டு, மேல் பிளேடு கீழ் பிளேடோடு உரசும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு சொட்டு, பின்பக்கம் மேல் பிளேடு வழுக்கி ஓடும் தடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அந்தக் கணமே ஓசை மாறும். கரகரப்பு அடங்கி ஒரே சீரான ரீங்காரம் வரும். முனையை மேல்நோக்கிப் பிடித்து விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கி ரோமத் தூளோடு குழைந்து சுவிட்சையும் மோட்டாரையும் கெடுக்கும். பிளேடில் மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு குதிரைமேல் வையுங்கள்.

எந்த எண்ணெய்? கிளிப்பருக்கென்றே விற்கும் மெல்லிய கனிம எண்ணெய்தான் வேண்டும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. நம் ஊரில் எட்டும் தூரத்தில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய் என்பதால் அதை எடுத்து விடுவோர் உண்டு. அது நாளடைவில் பிசினாகும். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்குவதால், ஊட்டி போன்ற குளிர் ஊரில் பிளேடைப் பூட்டுப் போட்டதுபோல் நிறுத்தியும்விடும். மண்ணெண்ணெய் கலந்த எதையும் ஓடும் பிளேடுக்கு மசகாக விடக் கூடாது. கரைப்பான் ஆவியானபின் மிஞ்சும் கெட்டிப் பசை பிளேடின் ஓட்டத்தைத் தடுக்கும். குளிர்விக்கும் ஸ்பிரே சூட்டைத் தணிக்கும், ஆனால் எண்ணெயையும் கழுவிவிடும். அடித்த கையோடு மீண்டும் எண்ணெய் விடாவிட்டால் முன்பைவிட வேகமாகச் சூடேறும்.

எண்ணெய் விட்டும் சூடு தணியவில்லை என்றால் டென்ஷனைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். இரண்டு வேக இயந்திரமாக இருந்தால் குறைந்த வேகத்துக்கு மாறுங்கள். வேகம் கூடினால் சூடும் கூடும். பெரிய வேலைக்குப் போகும்போது இரண்டு ஜோடி பிளேடு வைத்திருப்பதே நடைமுறையில் நல்ல தீர்வு. ஒன்று வெட்டிக்கொண்டிருக்கும்போது மற்றது குளிர்ந்த தரை ஓட்டின்மேல் ஆறட்டும். தண்ணீரில் முக்கி ஆற்றாதீர்கள்.

இயந்திரத்தின் உடல் சூடாகிறது, அல்லது தானாக நின்றுவிடுகிறது

பிளேடின் சூடு வேறு, கைப்பிடியின் சூடு வேறு. கைப்பிடி சுட்டால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள்; நுண்ரோமம் பஞ்சுபோல் படிந்து மூச்சை அடைத்திருக்கும். வேலை நடக்கும்போதே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பிரஷ்ஷால் துடைக்கலாம். வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது அறவே கூடாது. அது சுத்தமாக இருந்தும் சுட்டால் மோட்டார் அளவுக்கு மீறி உழைக்கிறது: மிகையான டென்ஷன், உலர்ந்த பிளேடு, மழுங்கிய பிளேடு ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். பிளேடைக் கழற்றிவிட்டு, அல்லது ஏ2 வகையில் டென்ஷனை முழுவதும் தளர்த்திவிட்டு ஓடவிட்டால், மோட்டாரின் குரல் உயர்ந்து தடையின்றி ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் குறை பிளேடுப் பக்கம். அப்போதும் முக்கினால் குறை மோட்டார்ப் பக்கம்.

பல கனரகக் கிளிப்பர்களில் சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பொத்தான் உண்டு. ஆறவிட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். ஆனால் அது மறுபடியும் துண்டித்தால் காரணத்தைத் தேடாமல் மூன்றாம் முறை அழுத்துவது மோட்டாரை எரிப்பதற்குச் சமம்.

வயரை அசைத்தால் ஓடி, விட்டால் நிற்கிறது என்றால் வயர் இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். தீப்பொறியும் கருகல் வாடையும் சேர்ந்து வந்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஜோடியாக இருக்கும் இந்தக் கார்பன் பிரஷ்கள் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய நீண்ட வயரால் மின்னழுத்தம் குறைந்தும் இயந்திரம் திணறும். சுருளில் சுற்றிய வயராக இருந்தால் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருளிலேயே இருந்தால் அது சூடாகும்.

பேட்டரியில் ஓடும் இயந்திரத்தில், லித்தியம் பேட்டரி தீரும்போது மெல்ல மெல்ல ஓயாமல் சட்டென்று நின்றுவிடும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். சார்ஜ் முழுவதும் ஏறியும் சீக்கிரமே நின்றால் மழுங்கிய பிளேடு மின்சாரத்தைக் குடிக்கிறதா என்று முதலில் பாருங்கள், பேட்டரியின் வயதைப் பிறகு பாருங்கள். குளிர்காலக் காலையில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால் இரவில் அதை லாயத்தில் விடாமல் வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

சிறு டிரிம்மர் படபடவென்று அடித்துக்கொள்கிறது

காந்த அதிர்வில் இயங்கும் டிரிம்மர்களின் பக்கவாட்டில் ஒரு சிறிய திருகு இருக்கும். சத்தம் அடங்கும் வரை அதை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிரிம்மரை மின்மாற்றியோடு ஓட்டினாலும் ஒழுங்காக வெட்டாமல் போகலாம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இவ்வகை இயந்திரத்தின் அதிர்வோ அந்த ஹெர்ட்ஸைச் சார்ந்தது.

கையில் லேசாக ஷாக் அடிக்கிறது

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இதற்கு வீட்டுப் பரிகாரம் எதுவும் இல்லை. மின்பணியாளர் திறந்து பார்க்கும் வரை அந்த இயந்திரம் குதிரையின் அருகே போகக் கூடாது. ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் குதிரைக்கு மனிதனைவிட ஆபத்து அதிகம். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத லாயத்தில் வயரோடு கூடிய கிளிப்பரைப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து.

பெட்டியைத் திறந்தால் துரு. கத்தரித்த குதிரைக்குத் திட்டுத் திட்டாக ரோமம் உதிர்கிறது

இரண்டும் வேலை முடிந்த பிறகு செய்யாமல் விட்டதால் வருபவை. ரோமத்தில் தங்கும் ஈரமும் வியர்வை உப்பும் பிளேடை ஒரே இரவில் பழுப்பாக்கிவிடும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். பிளேடைக் கழற்றி, இரண்டாகப் பிரித்து, பிரஷ்ஷால் துடைத்து, எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மேலோட்டமான பழுப்பு எண்ணெயோடு துடைத்தால் போகும். உரசும் பரப்பில் குழி விழுந்திருந்தால் சாணைதான் வழி.

ரோமம் வட்ட வட்டமாக உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம். இந்தப் பூஞ்சை ஒரு குதிரையிடமிருந்து மற்றொன்றுக்குக் கிளிப்பர் பிளேடு வழியாகவும் போகும், மனிதருக்கும் தொற்றும். குதிரைக்குக் குதிரை பிளேடைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, உலர்த்தி, மீண்டும் எண்ணெய் விட வேண்டும். பிளீச்சிங் திரவம் எஃகை அரித்துவிடும் என்பதால் பிளேடுக்கென்று விற்கும் கிருமிநாசினியே ஏற்றது. தோலில் பொருக்கு இருக்கும் குதிரையை மருத்துவர் பார்க்கும் வரை கத்தரிக்காமல் விடுங்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, புதிது வாங்க வேண்டும் என்றால்

பல நேரம் கோளாறு என்பது இயந்திரத்தில் இல்லை, வேலைக்குப் பொருந்தாத இயந்திரத்தை வாங்கியதில் இருக்கிறது. குதிரைக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்து வளர்வதைத் தீர்மானிப்பது குளிரைவிடப் பகல் நேரத்தின் நீளம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லண்டனில் அது ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். அதனால்தான் இங்கிலாந்தில் அக்டோபர் முதல் ஜனவரி வரை முழு உடலையும் கத்தரிப்பது வழக்கமான வேலையாக இருக்கிறது. தமிழ்நாட்டு லாயங்களில் கிளிப்பருக்கு வரும் பெரும்பாலான வேலை கணுக்கால், காதோரம், தாடை, கடிவாளப் பட்டை அமரும் பிடரிப் பகுதி, காயத்தைச் சுற்றியுள்ள இடம் ஆகியவையே. இதற்குக் கனமான ஏ2 இயந்திரம் வாங்குவது வீண் செலவு மட்டுமன்று. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளதைக் காதருகே துல்லியமாகப் பிடிக்கவும் முடியாது. ஏ5 வகை ஒன்றும், ஓசை குறைந்த பேட்டரி டிரிம்மர் ஒன்றும் போதும். மாறாக, வட இந்தியக் குளிரில் வேலை செய்யும் குதிரைகளுக்கோ, வயதான காலத்தில் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறால் கோடையிலும் ரோமம் உதிராமல் நீண்டு நிற்கும் குதிரைகளுக்கோ முழு உடலையும் இந்தச் சிறிய இயந்திரத்தால் கத்தரித்தால், மேலே சொன்ன சூட்டுப் புகார்கள் அத்தனையும் வரிசையாக வரும். அங்கே ஏ2 வகைதான் சரி.

பிளேடு எண்ணிலும் குழப்பம் உண்டு. ஏ5 வகையில் எண் கூடக் கூட மிஞ்சும் ரோமத்தின் நீளம் குறையும். 10ஆம் எண் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. விடும், 30ஆம் எண் அரை மி.மீ. விடும், 40ஆம் எண் அறுவைச் சிகிச்சைக்கு முன் தோல் தெரிய வழிப்பதற்கானது. அன்றாட வேலைக்கு 10ஆம் எண் போதும். ஏ2 வகையில் மென்மை, நடுத்தரம், கரடு என்று பெயரால் பிரிப்பார்கள்; முழு உடலுக்கு நடுத்தரமே பொதுவாகப் பொருந்தும். இந்த அளவுகள் ரோமத்தின் போக்குக்கு எதிராக வெட்டும்போது கிடைப்பவை. ரோமத்தின் போக்கிலேயே வெட்டினால் அதைவிட நீளமாக நிற்கும்.

பழைய இயந்திரத்தை வாங்குவதானால் விற்பவரின் பிளேடை நம்பாதீர்கள். உங்களிடம் உள்ள நல்ல பிளேடைக் கொண்டுபோய் மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கைப்பிடியின் சூட்டையும் ஓசையையும் கவனியுங்கள். ஏ5 வகையில் பிளேடு மாட்டும் கொக்கி ஆடுகிறதா, ஏ2 வகையில் டென்ஷன் குமிழின் மரை தேய்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். புதிதாகவே வாங்கினாலும் விலையைக் கேட்பதற்கு முன், அந்த மாடலுக்கான பிளேடு, நெம்புகோல், கார்பன் பிரஷ், காற்று வடிகட்டி ஆகியவை உங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வந்து சேரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத மாடலை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.